விட்ட சிப்பியை மீண்டும் காண்டல்

மன்னார்க் கடலின் முத்துச்சிப்பிப் பார்களை 1902இல் ஆராய்ந்த ஹேட்மன் என்னும் அறிஞர், நெருங்கிக் கிடக்கும் இளஞ்சிப்பிகளைப் பெயர்த்து நல்ல பாரில் இடுமாறு கூறினார். ஆயினும், 1907க்குப் பின் பல்லாண்டு முத்துச் சலாபம் நிகழவில்லை. இட்ட சிப்பி வாழ்ந்ததோ மாண்டதோ என அறிவது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு நன்னீர்ச் சிப்பி வளர்ப்போர் இன்று விடை காண்கின்றனர். அமெரிக்காவில் அருகிவரும் இனங்களை வளர்ப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விடுமுன், ஓட்டின்மேல் எண் பொறித்த சிறு தகட்டை ஒட்டுகின்றனர்; சிலவற்றில் மின்னணுக் குறியையும் பொருத்துகின்றனர். சிப்பி மணலுட் புதைந்திருப்பினும் கருவி அக்குறியை உணரும். மீண்டும் எடுத்து அளந்தால் வளர்ச்சி புலனாகும். வெற்றோடு கிடைப்பின் இறப்புப் புலனாகும். குறியில்லையேல் விட்டதெது, ஆற்றிற் பிறந்ததெது எனப் பிரித்தறிதல் அரிது.

மாணவரே, புகையிலைக் கன்றை நட்ட நம் கமக்காரன் தோட்டத்தை மறப்பதில்லை. விட்டதோடு வேலை முடிந்ததென எண்ணற்க.