"எப்படி இருக்கு, பாருங்க" என்று படத்தை நீட்டினால்...

வீட்டில் ஒருவர் புதிதாகப் படம் எடுக்கத் தொடங்கினால், முதலில் நம்மிடம்தான் கொண்டுவந்து காட்டுவார். நாமோ "சூப்பர்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். இல்லையென்றால் "இதுல நான் குண்டா தெரியறேன், அழிச்சிடு" என்கிறோம். இரண்டிலுமே அவர் அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆசையாக வாங்கிய கேமரா சில மாதங்களில் பீரோவுக்குள் போய்விடுவதற்கு, உருப்படியாக ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லாததும் ஒரு காரணம். அந்த வார்த்தையைச் சொல்ல நமக்குக் கேமரா இயக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

1. படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைத் தள்ளிவையுங்கள். உங்கள் கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது என்று மட்டும் சொல்லுங்கள். "முதல்ல அந்த சிவப்பு வாளிதான் தெரிஞ்சுது, அப்புறம்தான் பாட்டியைப் பார்த்தேன்." எடுத்தவர் பாட்டியையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார், வாளி அங்கே இருந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. மனசு வேண்டியதை மட்டும் பார்க்கும், கேமரா எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். கீழே உள்ள எல்லாக் குறிப்புகளையும் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

2. குறை சொல்லும் முன் "எதை எடுக்கணும்னு நினைச்சே?" என்று கேளுங்கள். திருவாரூர் ஆழித் தேரை ஒருவர் எடுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 96 அடித் தேர் முழுதாக வர வேண்டும் என்று தூரப் போய் நின்று எடுத்தவரிடம், "இழுக்கிறவங்க முகமே தெரியலையே" என்றால் அவர் குழம்பிப் போவார். உயரத்தைக் காட்டுவதுதான் நோக்கமென்றால், "கீழே வடம் பிடிக்கிறவங்க கொஞ்சம் தெரிஞ்சாதான் தேர் எவ்வளவு பெரிசுன்னு புரியும், அடிப்பக்கத்தை வெட்டிடாதே" என்று சொல்வது உதவும். வடம் இழுப்பவர்களின் மூச்சுமுட்டும் உழைப்புதான் வேண்டுமென்றால் யோசனை நேர் எதிராகிவிடும்: உச்சிக் கலசத்தை விட்டுவிடலாம், ஜூம் வைத்துக் கைகளையும் கயிற்றையும் மட்டும் எடுக்கலாம். இரண்டு யோசனையுமே சரிதான். எது இவருக்கு உரியது என்பது கேட்டால்தான் தெரியும்.

3. பாராட்டினால் காரணத்தோடு பாராட்டுங்கள். "ஜன்னல் பக்கமா திரும்பி உட்கார வெச்சிருக்கே, அதான் கண்ணு பளிச்னு இருக்கு" என்றால், அடுத்த முறையும் ஜன்னலைத் தேடுவார்.

4. படத்தைப் பெரிதாகப் பாருங்கள். ஃபோனின் சின்னத் திரையில் எந்தப் படமும் கூர்மையாகத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் வழக்கமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டு வருவதால், அதைப் பார்த்துத் தரத்தை எடைபோடக் கூடாது. 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லி, கம்ப்யூட்டரிலோ டி.வி.யிலோ போட்டுப் பாருங்கள். வெயிலில் நின்றுகொண்டு "ஒரே இருட்டா இருக்கே" என்று சொல்லிவிடாதீர்கள். அது திரையின் குறையாக இருக்கும்.

5. "ஷேக் ஆயிருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். தெளிவில்லாத படத்துக்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.
படம் முழுவதும், சுவர் ஜன்னல் உட்பட, ஒரே திசையில் இழுத்த மாதிரி இருந்தால் எடுத்தவரின் கை அசைந்திருக்கிறது. முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், தூணிலோ சுவரிலோ சாய்ந்து எடுக்கச் சொல்லுங்கள். கேமராவாக இருந்தால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது: 50 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் வேகம் குறைந்தது 1/50 நொடி, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200.
சுவர் தெளிவாக இருந்து குழந்தை மட்டும் கலங்கியிருந்தால், அசைந்தது குழந்தை. கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் பயனில்லை. ஓடியாடும் பிள்ளைகளுக்கு 1/500 வாக்கில் வேகம் வேண்டும். அதற்கு வெளிச்சம் வேண்டும். வீட்டுக்குள் எடுத்ததை வாசலில் எடுத்தாலே பாதி சரியாகிவிடும்.
காது கம்மல் துல்லியமாக இருந்து கண் மங்கலாக இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. திரையில் கண்ணைத் தொட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.
எந்த வகை என்று பெரிதாக்கிப் பார்த்துச் சொன்னாலே போதும், மிச்சத்தை அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

6. "நான் ஏன் இவ்வளவு கறுப்பா விழுந்திருக்கேன்?" இந்தக் கேள்வியை நம் வீடுகளில் நிறுத்த வேண்டும். முகம் இருட்டாக விழுவது வேறு, நிறம் கறுப்பாக இருப்பது வேறு. பின்னால் வெளுத்த வானமோ வெள்ளைச் சுவரோ இருந்தால், கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்றபடி மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். கண்ணும் மூக்கும் அடையாளம் தெரியாமல் போகும். அது சரிசெய்ய வேண்டிய குறை. திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டினால் போதும். ஆனால் முக அமைப்பு, தோலின் மினுமினுப்பு எல்லாம் தெரியும்போதும் "இன்னும் வெள்ளையாக்கு" என்று கேட்டால், நன்றாக எடுக்கத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பியூட்டி மோடுக்குப் பழக்குகிறோம். வெள்ளை முகத்தை அளவுகோலாக வைப்பது நம் வீட்டுப் பழக்கம் மட்டுமல்ல: ஃபிலிம் தயாரித்த கோடாக் நிறுவனமே பல பத்தாண்டுகள் வெள்ளைத் தோல் பெண்ணின் படத்தை வைத்துத்தான் வண்ணத்தைச் சரிபார்க்கும் அட்டைகளை லேப்களுக்குக் கொடுத்து வந்தது. 'ஷர்லி கார்டு' என்று அவற்றுக்குப் பெயர். கறுத்த முகத்தை அதன் அழகோடு எடுத்து வந்த பிள்ளையிடம் தயங்காமல் சொல்லுங்கள்: "அத்தை நிறம் அப்படியே வந்திருக்கு. இதை மாத்தாதே."

7. உச்சி வெயிலில் எடுத்த படத்தில் கண்குழி இருண்டிருக்கும், மூக்கின் நிழல் உதட்டில் விழுந்திருக்கும். "முகம் நல்லா இல்லை" என்று சொல்ல வேண்டாம், "எத்தனை மணிக்கு எடுத்தே?" என்று கேளுங்கள். அதே ஆளைத் திண்ணையிலோ மர நிழலிலோ நிற்கவைத்து எடுத்து, இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடமே தேவையில்லை.

8. ஒரு படத்துக்கு ஒரு திருத்தம். ஏழு குறை தெரிந்தாலும் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். அதுவும் நாளைக்கே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். "ரெண்டடி இடது பக்கம் நகர்ந்திருந்தா மின்கம்பம் அண்ணன் தலையிலிருந்து முளைச்ச மாதிரி இருந்திருக்காது" என்பது நல்ல திருத்தம். "இன்னும் உயிரோட்டமா இருக்கணும்" என்பதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

9. "நல்ல கேமரா வாங்கினா நல்லா வரும்" என்பதைக் கடைசி யோசனையாக வையுங்கள். புகழ்பெற்ற ஃபிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் வாழ்நாளின் பெரும்பகுதி வேலையை ஒரு சின்ன லைக்கா கேமராவிலும் ஜூம் இல்லாத 50 மி.மீ. லென்ஸிலும்தான் செய்தார்.

10. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 'ட' வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் பிரின்ட் மேல் வைத்தால் ஒரு சட்டம் கிடைக்கும். உள்ளே வெளியே நகர்த்தி, எந்த ஓரத்தை மறைத்தால் படம் கூடுகிறது என்று இருவருமாகச் சேர்ந்து பார்க்கலாம். வாயால் சொன்னால் வாக்குவாதமாகும் விஷயம், அட்டையை நகர்த்தும்போது விளையாட்டாகிவிடும். ஓரத்தை வெட்டுவது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: படத்தை வெட்டுவதே பிடிக்காத அதே கார்த்தியே பிரெஸ்ஸோன் 1932இல் பாரீஸின் சான் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் எடுத்த, தேங்கிய நீரை ஒருவர் தாண்டும் புகழ்பெற்ற படம் வெட்டப்பட்டதுதான்.

11. சின்னப் பிள்ளைகள் எடுத்த படத்தில் பெரியவர்களின் முட்டியும் நாற்காலிக் காலும்தான் அதிகம் இருக்கும். அது குறையல்ல, அவர்கள் உயரத்திலிருந்து உலகம் அப்படித்தான். "இதையெல்லாம் ஏன் எடுத்தே?" என்று கேட்காமல், "இதுல உனக்கு ரொம்பப் பிடிச்சது எது, கண்ணா?" என்று கேளுங்கள். எதற்காக அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லவையுங்கள். தேர்ந்தெடுக்கத் தெரிவது எடுக்கத் தெரிவதில் பாதி. பிள்ளையின் படங்களை நீங்களாக அழிக்காதீர்கள். உறவினர் கூடியிருக்கும்போது குறை சொல்லவும் வேண்டாம்.

12. ரிடையர் ஆனபின் கேமரா பிடித்த அப்பாவோ மாமாவோ காட்டினால் வேறு பக்குவம் வேண்டும். "அப்பா, இந்த நாரை முதுகு காட்டி நிக்குதே, நம்ம பக்கம் திரும்பற வரைக்கும் நிக்க முடிஞ்சுதா?" என்று கேட்பது போலச் சொன்னால் அவரே யோசிப்பார். வேடந்தாங்கலில் ஏரிக்கரையிலிருந்துதான் பறவைகளைப் பார்க்க முடியும். "இன்னும் கிட்டப் போய் எடுத்திருக்கலாம்" என்பது நடக்காத யோசனை. நடக்காததைச் சொல்வதைவிடச் சும்மா இருப்பது மேல்.

13. படத்தில் இருப்பது முன்பின் தெரியாதவர் என்றால், குறிப்பாகத் தெருவோரம் படுத்திருப்பவர், துக்க வீட்டில் அழுபவர் என்றால், ஒளி, ஃபோகஸ் பேச்சுக்கெல்லாம் முன்னால் "அவங்ககிட்ட கேட்டியா?" என்று கேட்டுவிடுங்கள்.

14. பிடித்த படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து 4×6 அளவில் பிரின்ட் போடுங்கள். ஃபோன் திரை தானே ஒளிர்வதால் அதில் பளிச்சென்று இருக்கும் படம் காகிதத்தில் கொஞ்சம் மங்கலாகத்தான் வரும். அதற்கு எடுத்தவரைக் குறை சொல்லக் கூடாது. பிரின்டுக்குக் கொடுக்கும் முன் வெளிச்சத்தை ஒரு படி கூட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் பென்சிலால் தேதி, இடம், அன்று நீங்கள் சொன்ன ஒரு திருத்தம் மூன்றையும் எழுதி ஆல்பத்தில் போட்டு வையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும்.