காணா நட்பு

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாத துணைகளுள் நட்பும் ஒன்று. பெற்றோரும் உடன்பிறந்தாரும் பிறப்பினால் வாய்ப்பவர். நண்பரோ நாமே தேர்ந்துகொள்பவர். ஆதலின், அத்தேர்வில் பிழை நேருமாயின் அதன் பயனையும் நாமே நுகர்தல் வேண்டும். இதனை நன்கு உணர்ந்த திருவள்ளுவர், நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். நட்பின் இலக்கணம் கூற ஓர் அதிகாரமே வகுத்தவர், ஆராய்ந்து கொள்க என்றும், தீயோரை விலக்குக என்றும் கூறுதற்கு மூன்று அதிகாரங்களை வகுத்தமை நம் சிந்தனைக்குரியது.

அருகில் இருந்து பழகியவரே நண்பராதல் கூடும் எனப் பலர் கருதுவர். ஒருவரை ஒருவர் காணாமலே நட்பு உண்டாகுமா? உண்டாயினும் அது நிலைக்குமா? கைப்பேசியும் சமூக ஊடகமும் பெருகிய இந்நாளில் இவ்வினா எங்கும் எழுகின்றது. ஆயினும் இது புதிய வினா அன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே காவிரிக்கரையில் இவ்வினா எழுந்தது. அதற்குரிய விடையும் அங்கேயே கிடைத்தது.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று நோக்குவார்க்கு வடக்கே காவிரியும், அதற்கப்பால் திருவரங்கத்துக் கோபுரங்களும் தோன்றும். மேற்கே உறையூர் தோன்றும். இன்று மாநகரின் ஒரு பகுதியாய் விளங்கும் உறையூர், சங்க காலத்தில் சோழர்தம் தலைநகராய்ச் சிறந்திருந்தது. கோழி என்பது அதற்கு மற்றொரு பெயர். நகரின் மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடக்கே செல்லும் கிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறும். இரண்டு ஆறுகளும் அணைத்துச் செல்லும் தீவே திருவரங்கம்.

உறையூரில் இருந்து ஆண்ட மன்னருள் கோப்பெருஞ்சோழன் என்பான் ஒருவன். அவன் வேந்தனாக மட்டுமன்றிச் செய்யுள் இயற்ற வல்ல புலவனாகவும் திகழ்ந்தான். பொத்தியார் என்னும் புலவர் அவனுடைய அவைக்களத்தில் உடனிருந்து பழகிய உயிர் நண்பர். பிசிராந்தையார் என்பவரோ பாண்டி நாட்டிலுள்ள பிசிர் என்னும் ஊரினர். அவர் சோழனைக் கண்டதில்லை. சோழனும் அவரைக் கண்டதில்லை. ஒருவர் புகழை ஒருவர் கேட்டனர்; பாட்டினால் ஒருவர் உள்ளத்தை ஒருவர் அறிந்தனர். இவ்வாறு ஆண்டுகள் பல சென்றன.

அக்காலத்தில் அஞ்சல் இல்லை, தொலைபேசி இல்லை. ஆந்தையார் வடதிசை நோக்கிச் செல்லும் அன்னச் சேவல் ஒன்றை விளித்துப் பாடிய பாட்டுப் புறநானூற்றில் உள்ளது. குமரித் துறையில் இரை உண்டு வடமலைக்குச் செல்லும் அன்னம் இடைவழியில் கோழி நகரில் தங்குமாயின், வாயில் காப்போர்க்கு உரையாமலே அரண்மனை புகலாம். பிசிர் ஆந்தையின் அடியவன் என்று கூறினாற் போதும். மன்னன் அதன் பேடைக்கு நல்ல அணிகலம் நல்குவான் என்பது அப்பாட்டின் கருத்து. காணாத நண்பன்மீது அவர் வைத்த நம்பிக்கை எத்துணைப் பெரிது!

கோப்பெருஞ்சோழன் வாழ்வில் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. அவன் மைந்தரே அவனுக்குப் பகைவராயினர். அவன் சினந்து போருக்கு எழுந்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர், பெற்ற மக்களோடு பொருதல் தகாது என அறிவுறுத்தினார். மன்னன் போரைக் கைவிட்டான். ஆயினும் மானத்தால் வருந்திய அவன், அக்கால வழக்கப்படி உண்ணாநோன்பு பூண்டு வடக்கு நோக்கி இருந்து உயிர் துறக்கத் துணிந்தான். இதனை வடக்கிருத்தல் என்பர். ஆற்றின் நடுவே அமைந்த ஒரு திட்டில், மரத்தின் புள்ளி நிழலில் அவன் அமர்ந்தான்.

மன்னன் தன்னைச் சூழ்ந்திருந்த சான்றோரை நோக்கி, “பிசிராந்தையார் வருவார், அவருக்கும் இங்கே இடம் ஒழித்து வையுங்கள்” என்று கூறினான். சான்றோர் ஐயுற்றனர். “அவர் தங்களைக் கேள்வியால் அறிந்தவரே; நேரிற் கண்டவர் அல்லர். நெடுந்தொலைவிலிருந்து அவர் வருதல் அரிது” என்றனர். மன்னன் ஐயுறவில்லை. தன் நண்பர் இனிய பண்பினர் என்றும், புகழைக் கெடுக்கும் பொய்ம்மையை விரும்பாதவர் என்றும், தம் பெயரைப் பிறர் வினவினால் சோழன் என்று தன் பெயரையே கூறும் அன்பினர் என்றும் அவன் எடுத்துரைத்தான். செல்வம் உள்ள காலத்தில் வாராதொழியினும் அல்லற்காலத்தில் அவர் வாரா திரார் என்பது அவன் உறுதி.

மன்னன் கூறியவாறே பிசிராந்தையார் வந்து சேர்ந்தார். கண்டோர் வியப்பில் ஆழ்ந்தனர். பொத்தியாரும் அவ்வியப்பைப் பாடினார். கண்ணகனார் என்னும் புலவர், பொன்னும் பவளமும் முத்தும் மணியும் வெவ்வேறிடங்களில் பிறந்தும் ஓர் அணிகலத்தில் ஒன்று சேர்வது போலச் சான்றோர் சான்றோரையே சேர்வர் எனப் பாடினார். மன்னனோடு ஆந்தையாரும் வடக்கிருந்து உயிர் நீத்தார் என்பர். உயிர் துறத்தல் அக்காலத்து வழக்கம். அது நமக்கு வழியன்று. துன்புற்ற நண்பனை நாடி அவர் வந்த வருகையே நாம் போற்றிக் கொள்ளத்தக்கது.

பொத்தியாரின் வரலாறும் அறியத்தக்கது. அவரும் மன்னனோடு உயிர்விட விழைந்தார். அவர் மனைவி அப்போது கருவுற்றிருந்தாள். ஆதலின் மன்னன், மகன் பிறந்தபின் வருக எனக் கூறி அவரைத் திருப்பி அனுப்பினான். தன் இறுதிக் காலத்திலும் நண்பனின் இல்லறக் கடமையை நினைந்தவன் அவன். நண்பனுடைய நேரத்தையும் கடமையையும் விழுங்குவது நட்பாகாது என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

நட்பிற்கு ஓரிடத்தில் இருத்தலும் பலகாற் பழகுதலும் வேண்டா, ஒத்த உணர்ச்சியே போதும் என்பது வள்ளுவர் கருத்து. அதற்கு உரை கண்ட பரிமேலழகர் சான்றாகக் காட்டியது இவ்விருவர் நட்பையே ஆகும்.

பிற்காலத்தும் இத்தகைய நட்புகள் தோன்றின. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்டார். பாரிசு நகரத்துத் தமிழறிஞர் ஜூலியன் வின்சன் அவருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதி, அந்நகரத்து நூல்நிலையத்தில் இருந்த தமிழ்ச் சுவடிகளைப் பற்றித் தெரிவித்தார். கடிதங்களால் அந்நட்பு வளர்ந்தது. காந்தியடிகள் 1909-ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து உருசிய நாட்டு அறிஞர் தால்சுதாய்க்குக் கடிதம் எழுதினார். 1910-ஆம் ஆண்டில் தால்சுதாய் இறந்தார். இருவரும் சந்தித்ததே இல்லை. ஆயினும் அதே ஆண்டில் ஜோகானஸ்பர்க் நகருக்கு அருகே அறப்போர் வீரரின் குடும்பங்களுக்காகக் காந்தியடிகள் அமைத்த பண்ணை தால்சுதாய் பண்ணை என்றே பெயர் பெற்றது.

இனி, இந்நாளைய நிலையை நோக்குவோம். முகநூல் 2004-ஆம் ஆண்டிலும், வாட்ஸாப் 2009-ஆம் ஆண்டிலும், இன்ஸ்டாகிராம் 2010-ஆம் ஆண்டிலும் தோன்றின. அன்னத்தைத் தூது விடுத்த நாடு இன்று நொடிப் பொழுதில் செய்தி விடுக்கின்றது. திருவரங்கத்து உத்தர வீதியில் பிறந்து அயல்நாட்டில் வாழ்பவர், தேர்த்திருவிழாவைக் கைப்பேசியிலேயே கண்டு மகிழ்கின்றார். இவை நற்பேறுகளே. ஆயினும் தூது விரைந்தமையால் நட்பும் விரைந்து விளையும் என்று எண்ணுதல் பிழை.

முகநூலில் ஒருவர் 5000 பேரை நண்பராகச் சேர்த்துக் கொள்ளலாம். ஆனால் ஒரு மனிதர் நிலையான உறவு பேணக்கூடியவர் ஏறத்தாழ 150 பேரே என்பது ராபின் டன்பார் என்னும் ஆங்கில அறிஞரின் ஆராய்ச்சி முடிபு. அவருள்ளும் மிக நெருங்கியவர் ஐவர் அளவினரே என்பர். கருவி நண்பர் என்று பெயரிட்டழைப்பதனால் ஒருவர் நண்பராகி விடார். அவர் அறிமுகமானவர், அவ்வளவே. மேலும், இவ்வூடகங்களை நடத்தும் நிறுவனங்கள் பெரும்பாலும் விளம்பரத்தால் பொருள் ஈட்டுகின்றன. நாம் நெடுநேரம் அவற்றில் தங்குவதே அவற்றிற்கு ஆக்கம். விருப்பக் குறிகளை எண்ணி எண்ணி மகிழச் செய்வதும் அதன்பொருட்டே. எண்ணிக்கையைப் பெருக்குதல் நிறுவனத்தின் தொழில்; நட்பை வளர்த்தல் நம் தொழில்.

அங்ஙனமாயின் அறிமுகத்தை நட்பாக்குவது எங்ஙனம்? உறையூர் வரலாறே நமக்கு வழி காட்டும். முதலாவது வாய்மை. ஆந்தையாரின் பண்புகளுள் மன்னன் சிறப்பித்தது பொய்ம்மையை வெறுத்தலாகும். இல்லாத சிறப்பை இருப்பதாகக் காட்டும் படமும் பதிவும் பலருடைய பாராட்டைப் பெறலாம். ஆனால் அப்பாராட்டு அப்பொய்யுருவுக்கே உரியது. இரண்டாவது குணமறிதல். நண்பர் எதனை விரும்புவார், எதற்கு வருந்துவார், எதனைச் செய்யார் என்பதை மன்னன் அறிந்திருந்தான். பிறர் பதிவை நோக்காது கடந்து செல்லும் விரலுக்கு இவ்வறிவு வாய்ப்பதில்லை. மூன்றாவது இடித்துரைத்தல். எயிற்றியனார் போல, நண்பர் நெறி தவறுமிடத்து அஞ்சாது கூறுதல் வேண்டும். ஆனால் பலர் காணும் பொதுவிடத்தில் கூறினால் அது பழித்தலாகிவிடும். தனியே கூறினால் அறிவுரையாகும். நான்காவது அல்லற்காலத்து உதவுதல். 2015-ஆம் ஆண்டு திசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, முன்பின் அறியாதோர் சமூக ஊடகங்களின் வாயிலாகத் தம் இல்லங்களில் இடமும் உணவும் தருவதாக அறிவித்தனர். படகு வேண்டிய இடங்களைத் தெரிவித்தனர். கருவி அன்று அறத்திற்குத் துணையாயிற்று.

இவற்றோடு எச்சரிக்கையும் வேண்டும். ஆராயாது கொண்ட நட்பைப் போலக் கேடு தருவது வேறில்லை என்பது வள்ளுவர் துணிபு. முகம் காட்டாது பொய்ப் பெயரில் வருவோர் இவ்வூடகங்களில் உளர். பணமோ, கடவுச்சொல்லோ, தனிப்பட்ட படமோ வேண்டுபவரும், பெற்றோர்க்குத் தெரிவியாதே என்பவரும் நண்பர் ஆகார். அன்பர்க்கு மறைவு வேண்டுவதில்லை. அத்தகையோரை இளைஞர் தனித்துச் சந்தித்தலும் ஆகாது. உடனே பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கூறுதல் வேண்டும். குழந்தைகளுக்கு 1098 என்னும் எண்ணும், இணையக் குற்றங்களைத் தெரிவிக்க 1930 என்னும் எண்ணும் உதவிக்கு உள்ளன.

இறுதியாக ஒன்று. ஆந்தையாரைக் கண்ட சான்றோர், ஆண்டு பல சென்றும் தமக்கு நரை தோன்றாமை எங்ஙனம் என அவரை வினவினர். மாட்சிமையுடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து ஒழுகும் ஏவலர், அல்லவை செய்யாது காக்கும் அரசன், அடங்கிய கொள்கையுடைய சான்றோர் பலர் வாழும் ஊர் ஆகியனவே காரணம் என அவர் விடையிறுத்தார். தொலைவிலுள்ள நண்பனிடம் அத்துணை அன்பு கொண்டவர், தம் வீட்டையும் ஊரையும் மறந்தவர் அல்லர். அருகிருப்போரிடம் அன்பு செய்து பழகிய நெஞ்சமே தொலைவிலிருப்போரிடமும் அன்பு செய்ய வல்லது. உணவு வேளையில் தாய் அழைக்கும் குரலுக்குச் செவி கொடாமல் கைப்பேசியில் ஆயிரம் நண்பரைத் தேடுபவர், ஒரு நண்பரையும் அடையார்.

காணாமலும் நட்புக் கொள்ளலாம், ஆராயாமல் கொள்ளலாகாது. வாய்மையை வித்தாக இட்டு, பொறுமையோடு வளர்த்து, துன்பத்தில் தோள் கொடுத்து நிற்போமாயின், கைப்பேசியில் தொடங்கிய அறிமுகமும் காலத்தை வென்ற நட்பாகும். “வருவார்” என நம்மை ஒருவர் ஐயமின்றி நம்புமாறு வாழ்வதே நட்பின் பேறு.

பயிற்சி

1. கோப்பெருஞ்சோழன் பிசிராந்தையாரைப் பற்றிச் சான்றோர்க்குக் கூறியன யாவை?
2. பொத்தியாரை மன்னன் திருப்பி அனுப்பியமைக்குக் காரணம் யாது? அதனால் விளங்கும் கருத்து யாது?
3. அறிமுகத்திற்கும் நட்பிற்கும் உள்ள வேறுபாட்டைச் சான்று காட்டி விளக்குக.
4. “அருகிருப்போரிடம் அன்பு செய்து பழகிய நெஞ்சமே தொலைவிலிருப்போரிடமும் அன்பு செய்ய வல்லது” — இக்கூற்றினை விரித்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.