கிட்னி நோயும் கார்டில் எழுத வேண்டிய கணக்கும்



“பெரியாஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?” என்று கேட்டால், “கிட்னியில கோளாறாம், டிரெசர் ஐயா” என்று சொல்லி நிறுத்திவிடுகிறீர்கள். அது போதாது. பெரட்டில் பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் உண்டா? நோயும் அப்படித்தான். சரியாகப் பதியாத நோய்க்குச் சரியான வைத்தியம் கிடைக்காது.

என் தவறையே சொல்கிறேன். உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மாவின் கார்டில் ‘கிட்னி கோளாறு’ என்று மட்டும் எழுதிவிட்டேன். மகள் வீட்டுக்குப் போன இடத்தில், முழங்கால் வலிக்கு வேறொரு கிளினிக்கில் கார்டைக் காட்டினார். நோய் முற்றியது அவர்களுக்குத் தெரியவில்லை. டைக்ளோஃபெனாக் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்த வகை வலி மாத்திரை கிட்னி நோயாளிக்கு ஆகாது. நான் ஒரு வரி எழுதியிருந்தால் தடுத்திருக்கலாம்.

ஆகவே, கார்டில் இந்த நான்கும் இருக்கிறதா, பாருங்கள்:

1. நிலை: ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, கிட்னி வடிகட்டும் அளவைக் கணக்கிடுவார்கள். அது 30 முதல் 59 வரை என்றால் 3-ஆம் நிலை. 15 முதல் 29 வரை 4-ஆம் நிலை. 15-க்குக் கீழே 5-ஆம் நிலை. 60-க்கு மேல் இருந்தும் சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தால் 1 அல்லது 2-ஆம் நிலை.

2. தேதி: 3 மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அது நாட்பட்ட நோய். முந்திய பரிசோதனைத் தேதி இல்லாமல் இதை எப்படிச் சொல்வது?

3. காரணம்: இனிப்பு நீரா, ரத்தக் கொதிப்பா, கல்லா?

4. ஆகாத மருந்து.

உலக சுகாதார நிறுவனத்தின் 10-ஆம் நோய்ப் பட்டியலில் நாட்பட்ட கிட்னி நோய்க்கு ‘என்18’ என்று குறி. புள்ளிக்குப் பிறகு வரும் 1 முதல் 5 வரை நிலையைக் காட்டும். 9 என்றால் ‘நிலை குறிப்பிடப்படவில்லை’. டாக்டர் நிலையை எழுதாவிட்டால் ரெக்கார்டில் 9தான் விழும். நாளைக்குச் சொக்சோவில் இயலாமை பென்ஷன் கேட்டாலும் மருத்துவ அறிக்கையைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்த முறை தயங்காமல் கேளுங்கள்: “எனக்கு எத்தனையாவது நிலைங்க டாக்டர்? கார்டுல எழுதிக் கொடுங்க.” வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் காட்டுங்கள். கார்டைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் கையோடு கொண்டு போங்கள்.