திருவாலவட்டம் உணர்த்தும் கோடை நெறி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானுக்குச் செய்யும் கைங்கரியங்கள் பலவாகும். திருமஞ்சனம் ஸமர்ப்பித்தல், திருமாலை கட்டுதல், திருவிளக்கு ஏற்றுதல், திருவமுது கண்டருளப் பண்ணுதல் என்று அவை விரியும். அவற்றுள் கோடைக்கே உரியதாய் விளங்குவது திருவாலவட்டக் கைங்கரியம். ஆலவட்டமாவது வட்ட வடிவான பெருவிசிறி. அதனைக் கையிலேந்தி வீசிய ஒரு கைங்கரியத்தாலேயே எம்பெருமானோடு நேரில் பேசும் பேறு பெற்ற மஹான், நம் பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள் ஆவார். இத்திருவிழாவுக்கு வெயிலையும் பாராது வந்துள்ள பாகவதர்கள் அவருடைய சரிதத்திலிருந்து அறிய வேண்டுவன சில உள. அவற்றை ஒருவாறு விண்ணப்பிக்கவே இக்கட்டுரை.

மூன்று திவ்யதேசங்கள்

நம்பிகள் 11ஆம் நூற்றாண்டில் வைசிய குலத்தில், மாசி மாதம் மிருகசீர்ஷ நக்ஷத்திரத்தில் அவதரித்தவர். நந்தவனம் அமைத்து மலர் வளர்த்து, மாலைகளாகத் தொடுத்துக் காஞ்சிப் பேரருளாளனுக்கு ஸமர்ப்பித்து வந்தார். இங்கிருந்து காஞ்சி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இன்றைய வாகன வசதிகள் இல்லாத அந்நாளில் இக்கைங்கரியத்தின் அருமையை ஊகித்துக்கொள்ளலாம்.

அவருக்கு விசிறி வீசும் கைங்கரியத்தில் விருப்பம் உண்டாயிற்று. முதலில் திருவரங்கம் சென்றார். காவிரி இருபுறமும் சூழ ஓடுவதால் தமக்கு விசிறி வேண்டா என்று அரங்கன் அருளினான். பின் திருமலை சென்றார். மலையின் குளிர்ச்சியே போதும் என்று திருவேங்கடவன் அருளினான். இறுதியில் காஞ்சியை அடைந்தார். பேரருளாளனோ பிரமன் செய்த வேள்வியின் அக்னியிலிருந்து தோன்றியவன். அவ்வெம்மை இன்னும் தணியவில்லை என்றும், திருவாலவட்டம் தனக்கு வேண்டும் என்றும் அவன் திருவாய் மலர்ந்தருளினான் என்பது பெரியோர் வழிவழியாக அருளிச்செய்யும் ஐதிஹ்யம்.

நம்பிகளை நாடி வந்த அம்மூவரும் பூவிருந்தவல்லித் திருக்கோயிலில் இன்றும் ஸேவை ஸாதிக்கின்றனர். வரதராஜனும் புஷ்பவல்லித் தாயாரும் பிரதானமாய் எழுந்தருளியிருக்க, அரங்கனுக்கும் வேங்கடவனுக்கும் ஸந்நிதிகள் உள. நம்பிகளுக்கும் தனி ஸந்நிதி உண்டு. யாத்திரிகர்கள் இம்மூன்று ஸந்நிதிகளையும் ஸேவிக்கும்போது, ஆறு, மலை, விசிறி என்னும் மூன்று குளிர்ச்சிகளையும் ஒருசேர நினைப்பது தகும்.

எம்பெருமானுக்கு வெம்மை உண்டோ?

இங்கே ஒரு வினா எழும். பஞ்சபூதங்களையும் படைத்தவனுக்கு வெம்மை ஏது? அவனுக்கு விசிறி எதற்கு?

விடை இதுவாகும். எம்பெருமான் பரம், வ்யூஹம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என்னும் ஐந்து நிலைகளில் விளங்குகிறான். அர்ச்சையில் அவன் கொண்டது ஸௌலப்யம், அதாவது எளிமை. அங்கே அவன் அடியார் கையை எதிர்பார்த்து நிற்கிறான். அடியார் நீராட்டினால் நீராடுகிறான், அமுது ஸமர்ப்பித்தால் உண்கிறான், வீசினால் குளிர்கிறான். குறை அவனுக்கு இல்லை. நாம் கைங்கரியம் செய்து உய்ய வேண்டும் என்பதற்காகவே அவன் அக்குறையை ஏற்றுக்கொள்கிறான்.

ஆகவேதான் கோடைக்கென்றே உத்ஸவங்கள் ஏற்பட்டன. திருவரங்கத்தில் சித்திரையில் கோடைத் திருநாள் நடைபெறுகிறது. திருமலையில் சித்ரா பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் வஸந்தோத்ஸவம் நடைபெறுகிறது. வஸந்த மண்டபம், சந்தனக்காப்பு, வெட்டிவேர்த் தட்டி, பச்சைக்கர்ப்பூரம் சேர்ந்த தீர்த்தம், ஸ்ரீராமநவமியில் பானகமும் நீர்மோரும் விசிறி தானமும் எல்லாம் இக்கருத்தைப் பற்றியனவே. காஞ்சியில் அத்திவரதர் அநந்தஸரஸ் புஷ்கரிணியின் நீருக்குள்ளேயே சயனித்திருக்கிறார். 1979ஆம் ஆண்டில் வெளியே எழுந்தருளிய அவர், மீண்டும் 2019 ஜூலை 1 முதல் 48 நாட்கள் ஸேவை ஸாதித்துவிட்டு நீருக்குள் எழுந்தருளினார்.

விசிறி செய்வது என்ன?

விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. உடலில் அரும்பும் வியர்வையை விரைந்து ஆவியாக்குகிறது. ஒரு கிராம் நீர் உடலின் மேலிருந்து ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண்பானை நீர் குளிர்வதும், நனைத்த வெட்டிவேர்த் தட்டியின் வழியே வரும் காற்று குளிர்வதும் இதே நியாயத்தால்தான். எனவே நீர், காற்று இரண்டும் சேர்ந்தால்தான் குளிர்ச்சி உண்டாகும். நீர் பருகாதவனுக்கு வியர்வை குன்றும்; அவனுக்கு விசிறியால் பயன் சிறிது. காற்றின் வெப்பம் 40 டிகிரியைக் கடந்துவிட்டால் விசிறி அனலையே உடலின் மேல் வீசும். அப்போது நனைந்த துணியும் நிழலும் நீருமே காப்பன.

நம் ஊர் வெயில்

ஸூர்யன் கார்த்திகை நக்ஷத்திரத்தை ஒட்டிச் சஞ்சரிக்கும் காலத்தை அக்னி நக்ஷத்திரம் என்கிறோம். அது மே மாதம் 4ஆம் தேதியளவில் தொடங்கி மாதக் கடைசி வரை நீடிக்கும். கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி. அக்காலத்தில் சென்னைக் கரையோரத்தாருக்கு நண்பகலுக்குப் பின் கடற்காற்று வந்து ஆறுதல் அளிக்கிறது. பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகியனவோ கடலிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 20 கிலோமீட்டர் உள்ளே அமைந்தவை. கடற்காற்று இங்கே தாமதித்தே வரும். மேற்கிலிருந்து வீசும் நிலக்காற்று வலுத்த நாட்களில் வாராமலும் போகும். அத்தகைய கோடையில்தான் 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரியை எட்டிற்று.

இவ்வட்டாரத்துக்குக் காவிரி இல்லை, மலை இல்லை. முன்னோர் அவற்றுக்கு ஈடாக ஏரிகளை வைத்தனர். செம்பரம்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகள் நமக்கு நிலத்தடி நீர் தருவதோடு, சுற்றிலும் உள்ள வெம்மையையும் தணிக்கின்றன. ஏரியைத் தூர்த்துத் தளம் போட்டால், அத்தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் திருப்பித் தருகிறது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறக்குறைய வறண்டு, சென்னை மக்கள் குடத்தோடு நின்றதை நாம் மறக்கலாகாது. ஏரியையும் திருக்குளத்தையும் மரத்தையும் காப்பதும் ஒருவகையில் ஆலவட்டம் வீசுவதேயாகும்.

யாத்திரிகர்கள் கொள்ள வேண்டிய நெறி

இனி உத்ஸவத்துக்கு வந்த அன்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டுவன:

முதலாவது, தண்ணீரும் அருந்தாமல் உபவாஸம் இருந்து வெயிலில் நிற்பது பக்தியின் மிகுதி என்று சிலர் எண்ணுகின்றனர். சாஸ்திரம் அவ்வாறு விதிக்கவில்லை. நீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ், அந்தணர் விருப்பம், குருவின் சொல், மருந்து என்னும் எட்டும் விரதத்தைக் குலைப்பன அல்ல என்று தர்ம சாஸ்திரம் கூறுகிறது. ஆகவே தாகம் எடுக்குமுன்பே சிறிது சிறிதாக நீர் பருகுக. மருந்து உண்பவர் விரதத்தை முன்னிட்டு மருந்தை நிறுத்தலாகாது.

இரண்டாவது, நீரோடு உப்பும் உடலிலிருந்து வெளியேறுகிறது. உப்பிட்ட நீர்மோர் அதனை ஈடு செய்யும். வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்ந்த பானகம் சோர்வை நீக்கும். நீரிழிவு உடையோர் தீர்த்தமாகச் சிறிதளவே கொள்க. மிகச் சோர்ந்தவருக்கு, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம்.

மூன்றாவது, முதியோரும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் காலை விச்வரூப ஸேவைக்கோ மாலைப் புறப்பாட்டுக்கோ வருவது நன்று. நண்பகலில் கருங்கல் தளம் பாதத்தைச் சுட்டுவிடும். ப்ரதக்ஷிணத்தை நிழலுள்ள பிராகாரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வெண்மையான பருத்தி ஆடை உடலுக்கு இதமானது.

நான்காவது, வரிசையில் ஒருவர் தலைசுற்றித் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டு செல்க. மேனி அனலாய்க் கொதித்துப் பேச்சு தடுமாறினால் அது வெயில் தாக்கு, உயிருக்கு ஆபத்தானது. 108க்கு உடனே சொல்லி அனுப்புக. வண்டி வரும் வரையில் வாளாவிராமல், ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீர் தெளித்து, விடாமல் விசிறுக. நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது, புரையேறி மூச்சடைக்கும்.

ஆலவட்டத்தின் ஆழ்பொருள்

நம்பிகள் ஒருநாள் தமக்கு மோக்ஷம் உண்டோ என்று பேரருளாளனிடம் வினவினார். விசிறியதற்கு ஈடாகத் தான் அவரோடு பேசிவிட்டதாகவும், மோக்ஷத்துக்கு ஆசார்ய ஸம்பந்தமே வேண்டும் என்றும் பெருமாள் அருளினான். உடனே நம்பிகள் திருக்கோஷ்டியூர் சென்று, தம்மை இன்னார் என்று காட்டிக்கொள்ளாமல், திருக்கோஷ்டியூர் நம்பியின் மாடுகளை மேய்க்கும் பணியில் அமர்ந்தார் என்பர். எம்பெருமானோடு பேசியவர் கன்றுகாலிகளைக் காத்து நின்றார். ராமாநுஜரே வழிகாட்டியாகக் கொண்ட அம்மஹான் அதனைத் தாழ்வாகக் கருதவில்லை.

இதன் கருத்து தெளிவு. பெருமாளுக்கு வீசிய கை அங்கேயே நின்றுவிடலாகாது. அது பாகவதர்பாலும், வாயில்லாப் பிராணிகள்பாலும் நீள வேண்டும். ஸந்நிதியில் எம்பெருமானுக்குச் சந்தனம் சாற்றிவிட்டு, வாசலில் மயங்கி விழுந்த மூதாட்டியைக் கடந்து செல்வோமாயின் நம்பிகளின் ஊரில் பிறந்தும் பயனில்லை. வீட்டு வாசலில் வழிப்போக்கருக்கு ஒரு பானை நீர், பறவைகளுக்கு மாடியில் ஒரு கிண்ணம் நீர், பசுவுக்குத் தொட்டியில் நீர் ஆகியவற்றை இக்கோடை முழுதும் ஒவ்வொருவரும் வைத்தால், அதுவே பேரருளாளன் உவக்கும் திருவாலவட்டமாகும்.

தேவாதிராஜன் திருவருளும் நம்பிகள் கடாக்ஷமும் பெற்று, வந்த பாகவதர்கள் அனைவரும் குளிர்ந்த உள்ளத்தோடும் குறையாத நலத்தோடும் இல்லம் சேர அடியேன் ப்ரார்த்திக்கிறேன்.

சுபம்.