ஞானத்துக்கு உருவம் உண்டா?

கேள்வி: ஞானத்தைச் சிற்பிகள் எப்படிக் காட்டினார்கள்?
– வாசகர், நல்லூர், திருப்பூர்

பதில்: தமிழகச் சிவன் கோயில்களில் கருவறையின் தெற்குச் சுவரில் அமர்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தியே ஞானத்தின் கல்வடிவம். ஆலமரத்தடி, காலடியில் அறியாமையைக் குறிக்கும் முயலகன், ஒரு கையில் சுவடி. பெருவிரலும் சுட்டுவிரலும் தொடும் சின்முத்திரையே இதன் உயிர். குரு இளைஞர், சுற்றிலும் சனகர் முதலிய நான்கு முனிவர்கள், பல சிற்பங்களில் தாடி வைத்த முதியவர்களாக. பாடம் மௌனத்தில் நடக்கிறது. ஓசையற்ற போதனையைக் கல்லில் காட்டியது சாதாரணத் துணிச்சல் அல்ல. காஞ்சி கைலாசநாதர் கோயிலில், 8ஆம் நூற்றாண்டிலேயே, இவ்வடிவம் செதுக்கப்பட்டுவிட்டது.

பிற மரபினர் ஞானத்துக்குப் போர்க்கோலமும் கொடுத்தார்கள். கிரேக்கரின் அதீனா தலைக்கவசம் அணிந்தவள். ஏதென்ஸ் வெள்ளி நாணயத்தில் ஒருபுறம் அவள் முகம், மறுபுறம் ஆந்தை. (நம்மூரில் ஆந்தை அபசகுனம்!) பௌத்தரின் மஞ்சுஸ்ரீ அறியாமையை வெட்ட வாள் ஏந்துகிறார்.

ஞானத்தைப் பெண் வடிவிலும் செதுக்கினார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தின் ஞான சரஸ்வதி 11ஆம் நூற்றாண்டுச் சோழர் படைப்பு. ஜாவாவின் சிங்காசாரியில் கிடைத்த, பௌத்தரின் ஞான தேவியான பிரஜ்ஞாபாரமிதையின் சிலை, நெதர்லாந்திலிருந்து 1978இல் இந்தோனேசியாவுக்குத் திரும்பியது.