பழைய கச்சேரி, புது டிஸ்க்: வாங்கும் முன்...

நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் 78 ஆர்.பி.எம். இசைத்தட்டில் வந்தது. பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம், அதுவும் மோனோ. அந்தக் காலப் பதிவை ‘5.1 சரவுண்ட்’ என்று அட்டை போட்டு விற்றால், பின் ஸ்பீக்கரில் வருவது பிற்பாடு சேர்த்த ஒலிதான். அதற்குக் கூடுதல் காசு தண்டம். நன்றாகச் சுத்தம் செய்த மோனோவே போதும்.

சுத்தம் சரியா என்று பார்க்க, வாய்ப்பாட்டுப் பதிவில் பாட்டு முடியும் இடத்தை ஹெட்போனில் கேளுங்கள். குரல் நின்றதும் தம்பூரா மெல்லத் தேய்ந்து அடங்க வேண்டும். கத்தரித்தாற்போல் அறுந்தால், இரைச்சலோடு நாதத்தையும் வழித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

நிஜமான நான்கு சேனல் வேண்டுமா? 1970-களில் பிலிப்ஸ் பதிந்த மேற்கத்திய செவ்வியல் இசையைப் பென்டாடோன் நிறுவனம் ஹைப்ரிட் எஸ்.ஏ.சி.டி.யாக (சூப்பர் ஆடியோ சி.டி.) வெளியிட்டிருக்கிறது. இந்த ஹைப்ரிட் டிஸ்க் சாதாரண சி.டி. பிளேயரிலும் ஓடும், ஆனால் ஸ்டீரியோ மட்டுமே கேட்கும். முதலில் பிளேயரைப் பாருங்கள், பிறகு டிஸ்க்கை வாங்குங்கள்.

வாங்கிய பிறகு பராமரிப்பும் முக்கியம். சென்னை மாதவரத்தில் லாரிப் புழுதி ஒரு பக்கம், மழைக்கால ஈரம் ஒரு பக்கம். டிஸ்க்குகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். அலமாரியில் சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். சி.டி.யை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். எல்.பி.யை அப்படித் துடைக்கக் கூடாது, வரியோடு வட்டமாகத்தான்.

அசல் எல்.பி. கையில் இருந்தால், மறுபதிப்பு வந்துவிட்டதென்று அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.