வளவில் ஒரு செங்கல் போறணை: திட்டமிடலும் கட்டுதலும்

போறணை என்றதும் பேக்கரியின் பின்பக்கத்தில் நிற்கும் பெரிய அடுப்புத்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 3 அடி உள்விட்டமுள்ள சிறிய போறணையை வீட்டு வளவிலேயே கட்டலாம். இடிந்த வீட்டின் நல்ல செங்கல், களிமண், மணல், உமி ஆகியவையே இதற்குப் பெரும்பாலும் போதும்.

செங்கல் வெப்பத்தை உள்வாங்கி மெதுவாக வெளிவிடும். அதனால் நெருப்பை வெளியே எடுத்த பின்பும் பல மணி நேரம் சுடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கல்லைச் சூடாக்க விறகு வேண்டும். மாதத்தில் ஒருநாள் சுடும் தனி வீட்டுக்கு இது கட்டுபடியாகாது. நாலைந்து குடும்பங்கள் முறைவைத்துப் பாவித்தால் பயன் உண்டு.

முதலில் பாதுகாப்பு

மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியில் மட்டும் கட்டுங்கள். நிலத்துக்குள் புதைந்திருக்கும் வெடிபொருள், மேலே மூட்டும் நெருப்பின் வெப்பத்தாலும் வெடிக்கக்கூடும். புற்றுமண்ணோ விறகோ தேடி, அகற்றல் முடியாத பற்றைகளுக்குள் இறங்க வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ (119) அறிவியுங்கள்.

காணி உங்கள் பெயரில் இல்லாவிட்டால், கட்டத் தொடங்குமுன் உரிமையாளரின் சம்மதத்தைப் பெறுங்கள்.

இடமும் காலமும்

கிடுகு வீட்டிலிருந்தும் வேலியிலிருந்தும் குறைந்தது 15 அடி தள்ளியிருக்கட்டும். சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வீசும். ஆகவே வாசலை வடமேற்கு அல்லது தென்கிழக்குப் பார்த்து வையுங்கள். மாரிக்கு முன்பே வேலை முடிந்து மண் காய வேண்டும். மேலே தகரக் கூரை அவசியம், கிடுகு கூடாது.

பொருட்கள்

- செங்கல்: கல்லின் அளவைப் பொறுத்து ஏறத்தாழ 200. இரண்டு கல்லைத் தட்டும்போது கணீரென ஒலித்தால் நல்ல கல். ஒட்டியிருக்கும் சீமெந்தைச் சுரண்டி எடுங்கள்.
- சாந்து: களிமண் 1 பங்கு, மணல் 2 முதல் 3 பங்கு. சிறிய வட்டமாகத் தட்டிக் காயவிடுங்கள். வெடித்தால் மணலைக் கூட்டுங்கள். உதிர்ந்தால் களிமண்ணைக் கூட்டுங்கள். உப்புள்ள கடற்கரை மணல் வேண்டாம்.
- வெற்றுக் கண்ணாடிப் போத்தல்கள், உமி, சாணி, பழைய பத்திரிகைத் தாள்.

நெருப்புப் படும் இடத்தில் சீமெந்துச் சாந்து பாவிக்கக் கூடாது. கடும் சூட்டில் அது வெடித்துப் பிளக்கும். உடைந்த அஸ்பெஸ்ரோஸ் தகட்டை எந்த வேலைக்கும் எடுக்காதீர்கள். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

கட்டும் ஒழுங்கு

1. 5 அடிச் சதுரத்தில் 3 அடி உயரப் பீடம் கட்டி, உள்ளே கல் இடிபாடுகளைப் போட்டு இறுக்குங்கள்.
2. பீடத்தின் மேல் போத்தல்களைப் படுக்கவைத்து, இடைவெளிகளை மணலால் நிரப்புங்கள். போத்தலுக்குள் இருக்கும் காற்று, வெப்பம் கீழே இறங்குவதைக் குறைக்கும்.
3. அதன்மேல் 2 அங்குலம் மணல் பரப்பி, செங்கற்களைச் சாந்தில்லாமல் நெருக்கி அடுக்குங்கள். இதுதான் சுடும் தளம். மேடுபள்ளம் இருந்தால் தட்டு இடறும்.
4. தளத்தில் 36 அங்குல வட்டம் கீறி, ஈரமணலால் 18 அங்குல உயரக் குவிமாடம் செய்யுங்கள். ஏறத்தாழ 7 கன அடி மணல் பிடிக்கும். நடுவில் கற்களை அடுக்கினால் மணல் மிச்சமாகும். மேலே நனைத்த தாளை ஒட்டுங்கள். பின்பு மணலைத் தோண்டும்போது இந்தத் தாள்தான் எல்லையைக் காட்டும்.
5. வாசல் வளைவை 11 அங்குல உயரத்தில் கட்டுங்கள். இது உள்ளுயரத்தில் 61 வீதமளவு. வாசலின் கீழ்ப்பக்கத்தால் காற்று நுழைந்து மேற்பக்கத்தால் புகை வெளியேறும். வாசல் மிக உயர்ந்தால் வெப்பம் போய்விடும். மிகத் தாழ்ந்தால் நெருப்பு மூச்சுத்திணறும்.
6. பாதியாக உடைத்த செங்கற்களைக் குவிமாடத்தைச் சுற்றி வரிவரியாக ஏற்றுங்கள். உட்பக்க விளிம்புகள் ஒன்றையொன்று முட்ட வேண்டும். வெளிப்பக்க இடைவெளிக்குச் சாந்து. ஒரு வரியின் பொருத்து அடுத்த வரியின் பொருத்துக்கு நேரே வரக்கூடாது.
7. மூன்று நான்கு நாட்களின் பின் மணலை வாசலால் சிறிது சிறிதாக எடுங்கள். தலையை உள்ளே விட வேண்டாம்.
8. களிமண்ணில் உமியைக் குழைத்து 4 அங்குலம் பூசுங்கள். உமி வெப்பத்தை அடக்கிவைக்கும். கடைசியில் மணலும் சாணியும் சேர்த்த மண்ணால் மெழுகுங்கள்.

உலர்த்தல்

இரண்டு கிழமை நிழலில் காயவிடுங்கள். அதன்பின் ஒரு கிழமைக்கு, நாளாந்தம் சிறிது கூட்டி, சிறு நெருப்பு மூட்டுங்கள். முதல்நாளே பெருநெருப்பு மூட்டினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சுவரைப் பிளக்கும். மயிரிழை வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம். பெரிய வெடிப்பை மண்ணால் அடையுங்கள்.

சுடும் நாள்

வர்ணம் பூசிய பலகை, பிளாஸ்ரிக் எரிக்கக் கூடாது. காய்ந்த விறகை இரண்டு மணி நேரமளவு எரித்தால் முதலில் கரிபிடித்த உட்கூரை பின்பு வெளுக்கும். தணலை உலோக வாளியில் அள்ளி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, நனைத்த பலகைக் கதவால் சிறிது நேரம் மூடுங்கள். பிறகு ஒரு சிட்டிகை மாவைத் தூவுங்கள். உடனே கருகினால் பொறுத்திருங்கள். மெல்லப் பொன்னிறமானால் பாணை வையுங்கள். பாணுக்குப் பின் பணிஸ், அதன்பின் கேக், பிஸ்கட். இரவில் எஞ்சும் சூட்டில் அடுத்தமுறைக்கான விறகைக் காயவைக்கலாம்.

விற்பதாயின்

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் சிறு உற்பத்தியாளருக்கும் பொருந்தும். தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து ஆலோசனை பெறுங்கள். மா, விறகு, கூலி எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே கொப்பியில் எழுதுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. எங்கள் களிமண்ணும் விறகும் எங்கிருந்து வரும்? அந்த இடம் பாதுகாப்பானதா?
2. கிழமையில் எத்தனை நாள் சுடுவோம்? எந்த நாள் யாருடைய முறை?
3. ஒருமுறை சுட ஆகும் செலவு எவ்வளவு? எத்தனை இறாத்தல் பாண் விற்றால் அது மீளும்?